பதினேழாம் எண்

எழுபத்திரண்டு அட்டைகள் சேர்ந்தது ஒரு தொகுப்பு.
என்னிடம் எழுபத்தொன்று.
நாற்பத்தொன்றாம் எண் கோல்கீப்பரை
நான்கு வருஷமாய்த் தேடுகிறேன்,
லூனாஸ் பசார் மாலாமில், பழைய இரும்புக்கடையில்,
செத்துப்போனவர்களின் அலமாரிகளில்.

சூயிங்கத்தோடு வந்த அட்டைகள்.
நாற்பது வருஷம் கழித்தும்
மூக்கருகே வைத்தால் லேசாய்ச் சீனி வாசம்,
அதற்கடியில் கரப்பான் வாசம்.

"ஒனக்குத்தான் பந்தே பிடிக்காதே"
என்கிறான் தம்பி.
உண்மைதான். ஒரு ஆட்டமும் முழுசாய்ப் பார்த்ததில்லை.
ஆனால் செம்பனை ஆலையின் எடைமேடையில்
காலை ஏழிலிருந்து உட்கார்ந்திருப்பவள் நான்.
லோரி வரும், குலை இறங்கும், லோரி போகும்,
மறுபடி லோரி வரும்.
எனக்குத் தெரிந்து
எழுபத்திரண்டுக்கு மட்டும்தான் ஒரு முடிவு இருக்கிறது.

பதினேழாம் எண் என்னிடம் ஐந்து.
எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அவன்தான் போல.
இடது பின்காவல், பச்சைச் சட்டை,
பாதியில் அறுந்த புருவம்.
யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மழை.
புது டிரைவர் ஜன்னலுக்குள் அடையாள அட்டையை நீட்டினார்.
அருள்சாமி த/பெ ஞானப்பிரகாசம்.
நிமிர்ந்தேன்.
அதே புருவம்.

மேசை டிராயரில்தான் இருந்தது ஒன்று.
உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
கையைத் துடைக்காமலே வாங்கினார்,
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பின்பக்கம் திருப்பிப் படித்தவர் சிரித்தார்.
"பொறந்த வருஷம் தப்பு."
அச்சுப் பிழையா என்றேன், ஆசையாய்.
பிழை அட்டைக்கு விலை கூடும்.
"நான்தான் ரெண்டு வயசு கொறைச்சுச் சொன்னேன்.
இல்லேன்னா டீம்ல எடுத்திருக்க மாட்டானுங்க."

இது எவ்வளவு போகும்?
ரெண்டு வெள்ளி.
நாற்பத்தொன்னு?
முந்நூறு.
"அவனா! ஒரு பந்தும் பிடிக்க மாட்டான்."

பின்னால் மூன்று லோரிகள் ஹாரன் அடித்தன.
அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு,
எடைச்சீட்டை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிரவு ஆல்பத்தைத் திறந்து
பதினேழின் இடத்திலிருந்த சுத்தமான அட்டையை உருவினேன்.
எண்ணெய்க் கறை ரேகையோடு
இவரைச் செருகினேன்.
சேகரிப்பவர்கள் யாரும் செய்யாத காரியம்.

நாற்பத்தொன்றின் இடம்
இன்னும் காலிதான்.
சனிக்கிழமை கூலிம் போக வேண்டும்,
யாரோ ஒரு டின் நிறைய வைத்திருக்கிறார்களாம்.