மறுபிடிப்பு

வலை கட்டும்போது விடிந்திருக்கக் கூடாது.
ஐந்தே காலுக்கு ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்தி
லூர்துசாமி விளக்கை அணைத்துவிடுவார்.
பிறகு எங்களிடம் இருப்பது
நெற்றியில் கட்டிய சிவப்பு வெளிச்சம்,
நான்கு மூங்கில், கண்ணுக்கு அகப்படாத கறுப்பு நூல்,
அட்டைக்காகப் புகையிலை தேய்த்த காலுறை.
கூக்கால் ஏரி ஆவி விட்டுக்கொண்டிருக்கும்
உலை வைத்து மறந்த பானை மாதிரி.

முதல் சுற்றில் இரண்டு சின்னான்.
ஒரு வாலாட்டி, எந்த நாட்டுப் பனியை விட்டு வந்ததோ.
அப்புறம் வலையின் கீழ்மடிப்பில்,
காய்ந்த இலை என்று நினைத்து உதற இருந்தேன்,
ஒரு வெள்ளைக்கண்ணி.
துணிப்பையில் போட்டுக் கிளையில் மாட்டினால்
பை மூச்சு விடுகிறது.

பையைக் கழித்து ஒன்பது கிராம்.
நூறில் ஒரு பங்குக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது.
பதினோரு வருடம் அரசு மருத்துவமனையில்
முழங்கை மடிப்பில் ஊசி போட்டவள் நான்.
'கையை இறுக்கி மூடுங்க' என்று பழகிய வாயால்
இங்கே இறக்கையின் அடியில் ஊத வேண்டும், மெல்ல.
இறகு விலகும்.
வெங்காயச் சருகுத் தோல்,
அதற்குள் ஒரு நீலக் கோடு.
குத்தியதும் ஊறும் சொட்டைக்
கண்ணாடிக் குழல் தானே குடித்துக்கொள்ளும்.
கொசுவும் இப்படித்தான் எடுக்கிறது,
எடை பார்க்காமல்.

"என்ன நோயின்னு தேடுறீங்க?"
பூண்டுத் தோட்டத்து வரப்பில் நின்று சேசுராணி.
மேற்கு நைல், என்றேன்.
"வேலிக்குக் கட்டுவமே, அந்த நைலானா?"
இல்லை, அது ஒரு ஆறு.
"எங்க ஓடுது?"
ரொம்ப தூரத்தில்.
"அப்ப இங்க எதுக்கு வருது?
குருவிய வேணா தகரம் தட்டி விரட்டிடவா?"

அவளுக்குப் பின்னால் மருந்து கரைக்கும் நீல டிரம்.
எட்டிப் பார்த்தேன்.
தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன,
எழுத்தை எல்லாம் அழித்துவிட்ட பக்கத்தில்
மிஞ்சிய கால்புள்ளிகள் போல.
குருவியை விடுங்கள், இதைக் கவிழ்த்துங்கள்.
"மோட்டார் போட்டு ஏத்துன தண்ணி. கரண்டு
வாரத்துல ரெண்டு நாள் வருது. நீங்க கவுப்பீங்களா?"
மூடி ஒன்று கொண்டுவருகிறேன் என்று சொல்லி நகர்ந்தேன்.

இந்த உயரத்தில் கொசுவே கிடையாது என்றுதான்
வேலையில் சேரும்போது சொன்னார்கள்.
உலர்பனி வைத்துத் தொங்கவிட்ட பொறியில்
அந்த வருடம் முழுக்க அந்துப்பூச்சி.
போன வாரம் எண்ணி முடிக்க மதியமாகிவிட்டது.

வெள்ளைக்கண்ணியின் காலில் வளையம் இருந்தது.
417. மார்ச்சில் நான் பூட்டியது.
அப்போதைய தாளில்: ஏதுமில்லை.
இப்போது எடுத்த சொட்டுக்கு
மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது.
கிருமி இல்லை; கிருமியோடு சண்டையிட்ட தடம் இருக்கிறது.

அப்படியானால் நடுவில் ஏதோ ஒரு ராத்திரி
இதற்குக் காய்ச்சல் அடித்திருக்கிறது.
கிளையில் வரிசையாக ஒட்டித் தூங்கும் சாதி.
ஓரத்தில் இருந்ததா, நடுவிலா?
பக்கத்தில் இருந்தது அந்தச் சூட்டுக்கு
இன்னும் நெருங்கி ஒண்டியதா,
ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்ததா?
காலையில் கூட்டம் கிளம்பியபோது
இதுவும் கிளம்பியிருக்கும்.
தாளில் இதற்கெல்லாம் இடமில்லை.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?"
லூர்துசாமி கியரை மாற்றியபடி கேட்டார்.
பூம்பாறை வளைவு வரைக்கும் யோசித்தேன்.
தெரியலண்ணே.

கொண்டுபோன மூடி டிரம்முக்குச் சேரவில்லை,
நான்கு விரல் சிறிது.
சேசுராணி உள்ளே போய்
பழைய சேலை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.
"நைலக்ஸு. கல்யாணத்துக்கு எடுத்தது.
உங்க நைலுக்கு இது போதுமா?"
சிரித்துக்கொண்டே சுற்றிச் சணல் போட்டு இறுக்கினாள்.

ரோஜாப்பூ போட்ட அந்தத் துணிமேல்
ஒரு வாலாட்டி வந்து உட்கார்ந்தது.
ஆழம் பார்ப்பதுபோல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.
காலைப் பார்த்தேன்.
வளையம் இல்லை.