ஏழாவது கண்

பாலத்துக்கு அடியில் போனதும்
செயற்கைக்கோள்கள் கைவிட்டுவிடும்.
திரையில் சிவப்பாய் ஓர் எச்சரிக்கை, பிறகு
என் இரண்டு கட்டைவிரல்கள்தான்.
ஆடிக்காற்று. ட்ரோன் ஒருக்களித்துச் சாய,
இழுத்து நிறுத்துகிறேன்.

மேலே ஆரப்பாளையம் பஸ் போகிறது.
எனக்கு அது தெரிவதில்லை. கான்கிரீட்டில்
லேசாய் ஒரு நடுக்கம். புறா ஒன்று
இடம் மாறி உட்கார்கிறது, அவ்வளவு.

சித்திரையில் அழகரைப் பார்க்க
இந்தத் தளத்தின் மேல்தான் நெருக்கி நின்றோம்.
எதன் மேல் நிற்கிறோம் என்று
அன்றைக்கு யார் குனிந்து பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நேர் கீழே
சென்ட்ரிங் பலகையின் ரேகை அப்படியே இருக்கிறது:
மரத்தின் கணுக்கள், ஆணித் தலைகள்,
பலகைக்கு விரித்த செய்தித்தாள் ஒட்டிப் போய்
மை மட்டும் மிஞ்சிய ஒரு துணிக்கடை விளம்பரம்.
இடவலம் மாறிய எழுத்து.
கலவை கொட்டிய நாளிலிருந்து
இதைப் படிக்கும் முதல் ஆள் நானாக இருக்கலாம்.
'தள்ளுபடி இன்றே கடைசி.'

ஒன்று, இரண்டு, மூன்று என்று
கண் கண்ணாய்ப் படமெடுத்து வருகிறேன்.
துரு வடிந்த கறை. வேர்விட்ட அரசங்கன்று.
பேரிங் இடுக்கில் செருகிய குவார்ட்டர் பாட்டில்,
எப்படித்தான் ஏறினானோ.
ஏழாவது கண்ணில், உத்தரத்தின் ஓரம்,
மயிரிழை மாதிரி ஒரு கோடு.
நிழலா, ஒட்டடையா, விரிசலா?
மூன்று முறை கிட்டே போனேன். மூன்று முறையும் காற்று.
பொறியாளர் கனகவல்லி
குடைக்குள் திரையை வைத்துப் பார்த்துவிட்டு
"சந்தேகம்னு போடுங்க" என்றார்.

அப்போதுதான் வந்தார் சோணைமுத்து,
லாட்ஜ் பெட்ஷீட் வெளுக்கிறவர்,
முழங்கால் ஈரத்தோடு, சண்டைக்கு.
"வெள்ளைத்துணி மேல உங்க காத்தாடி மண்ணை வாரி எறைக்குது.
இதுக்கு அந்த ஏழாங்கண்ணே தேவலை."
அங்கே என்ன என்றேன்.
"விடியக்காலம் ஜல்லி லாரி போனா
மேலருந்து பொடி உதிரும். பஸ்ஸுக்கு உதிராது,
லாரிக்குத்தான்.
ரெண்டு வருசத்துல மூணு தடவை
கொடியைத் தள்ளித் தள்ளிக் கட்டியாச்சு.
யார்ட்டப் போயிச் சொல்ல?"

ட்ரோனை ஆற்றின் பக்கம் திருப்பினேன்.
உயரத்திலிருந்து தெரிந்தது:
கொடிக்கம்புக்கு முட்டுக் கொடுத்த கற்குவியல்கள்,
இரண்டிரண்டாய், விலகி விலகி,
அந்த மயிரிழைக்கு நேர் கீழிருந்து கிளம்பி
இப்போது துணி ஆடும் இடம்வரை.

கனகவல்லி ஒன்றும் பேசவில்லை.
மணலில் இறங்கி, குவியலுக்குக் குவியல்
தப்படி வைத்து எண்ணினார்.

படிவத்தில் விரிசலின் நீளத்துக்குக் கட்டம் உண்டு,
அகலத்துக்கு உண்டு.
கொடி நகர்ந்த தூரத்துக்கு இல்லை.
'பிற குறிப்புகள்' என்ற ஒற்றை வரியில்
எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்:
ஏழாவது கண்ணின் கீழ்
யாரும் வெள்ளைத்துணி காயப்போடுவதில்லை.

நாளை விடியுமுன், லாரிக்கு முன்,
திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.
சோணைமுத்துவிடம் ஒரு பெட்ஷீட் கேட்டிருக்கிறோம்,
கீழே விரித்துவைக்க.
கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.
நன்றாக வெளுத்திருக்க வேண்டும்.