சிதறாலுக்குப் போகும் வழியில் சிசிலி

அழகியமண்டபம் தாண்டும்போதே தொடங்கிவிட்டேன்:
கப்பல் பழுதாகி பலெர்மோவில் நின்ற நான்கு நாள்,
இரண்டாம் எஞ்சினியர் பிடித்துவந்த வாடகை ஃபியட்,
பின்சீட்டில் நானும் பிலிப்பினோ ஃபிட்டரும்,
இடப்பக்கம் முழுக்கக் கடல்.

"வலப்பக்கம்னு போன மாசம் சொன்னியளே"
என்றாள் தெக்ளா, கியர் மாற்றியபடி.

அவள்தான் ஓட்டுகிறாள்.
எட்டு மாதம் எஞ்சின் அறையில் கிடந்தவனுக்கு
எதிரே வரும் லாரியெல்லாம் அலையாகத் தெரிகிறது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது
தூண்களுக்கு வந்திருந்தேன்.
நின்றவை கொஞ்சம், கிடந்தவை அதிகம்.
எங்கள் கப்பலின் சிலிண்டரைவிடத் தடித்த கல் உருளைகள்,
யாரோ நேந்திரங்காயை வட்டவட்டமாய் நறுக்கிவிட்டு
எண்ணெய் காயும்முன் எழுந்து போனதுபோல.
கிரேக்கர்கள் கட்டியது, பூமி குலுங்கி விழுந்ததாம்.
எந்தச் சாமிக்கு என்றுகூட உறுதியில்லை,
ஏ, பி, சி என்று எழுத்து வைத்து அழைக்கிறார்கள்.

"பதினஞ்சு எஃப் மாதிரி" என்றாள்.
பதினைந்து எஃப் எங்கள் ஊர்ப் பேருந்து.

ஒரு தூணின் நிழலில் ரொட்டியும் சார்டினும் தின்றோம்.
"சார்டின்னா?"
"நம்ம சாளைதான், டப்பாவுல."
"சாளை திங்கவா அம்புட்டு தூரம் போனிய."

சிதறால் மலையடியில் வண்டியை நிறுத்தினாள்.
கல் பாவிய ஏற்றம், ஓரத்தில் கொல்லாமரங்கள்,
ஒரே குடைக்குள் முகம் மறைத்த கல்லூரிப் பிள்ளைகள்.
நான் அளந்துகொண்டே நடந்தேன்:
அங்கே தூண் ஐந்து ஆள் உயரம்,
அங்கே நுழைவுச்சீட்டுக்கே ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு,
அங்கே அங்கே என்று.

பாறைமேல் பாறை சாய்ந்து உண்டான இடுக்கு வாசல்.
குனிந்து நுழைய வேண்டியிருந்தது.
குனிந்தபின் பேச்சு வரவில்லை.

கல்லில் வரிசையாய்த் துணியில்லாத துறவிகள்,
தலைக்குமேல் மும்மூன்று குடை.
மலைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்து
இது போதும் என்று நின்றுவிட்டவர்கள்.
எந்தப் பூமி குலுங்கி இவர்கள் எங்கே விழ?

கீழே தாமிரபரணி, தென்னை, தென்னை,
நடுவில் ஒரு ஜேசிபியின் மஞ்சள்.

காவலுக்கு இருந்தவர் பாறையில் வட்டெழுத்தைக் காட்டினார்.
ஆயிரத்து நூறு வருடமாம்.
பெண் துறவி ஒருத்தி
இங்கிருந்த அம்மனுக்குப் பொன்நகை கொடுத்த கணக்காம்.

மருந்துச் சீட்டைக்கூட ஒரு வரி விடாமல் வாசிப்பவள் தெக்ளா.
வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தை
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"குடுத்தத எழுதி வச்சிருக்காவ" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

தூத்துக்குடி ஏஜெண்டுக்குக் கட்டிய பணம்
எதை விற்று வந்தது என்பதை
எஞ்சினியரிடமும் சொன்னதில்லை, ஃபிட்டரிடமும்.
சிசிலிக் கதை இருபது முறை சொல்லியிருப்பேன்,
அதில் கடல் பக்கம் மாறும், தூண் உயரம் கூடும்.
அது மட்டும் வராது.

இறக்கத்தில் அவள் எனக்கு முன்னே போனாள்.
கழுத்தில் கவரிங் சங்கிலி,
வியர்வை பட்ட இடத்தில் பச்சையாய் ஒரு கோடு.

வண்டியின் பின்கண்ணாடியில் செம்மண் தூசி.
அவள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் விரலால் எழுதினேன்:
தெக்ளா. ஆறரைப் பவன்.
இவனைக் கப்பலேற்றக் கொடுத்தது.

வந்து பார்த்தாள். முழுதும் வாசித்தாள்.
"ஆறரை"யை உள்ளங்கையால் அழித்து
"ஏழு" என்று எழுதினாள்.
"கம்மலும் உண்டும்லா."

உள்ளிருந்து திரும்பிப் பார்த்தால்
எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி, வட்டெழுத்தைவிட மோசம்.
ஓட்டுகிறவளின் தலைக்குமேல் இருக்கும்
சின்னக் கண்ணாடியில் மட்டும் நேராய் விழும்.

ஆற்றூர் வருவதற்குள் மூன்று முறை
நிமிர்ந்து அதைப் பார்த்தாள்.
பின்னால் ஏதாவது லாரி வந்திருக்கலாம்.