சேலம் வழி

ஐந்து ரோட்டில் இரண்டாம் மாடி என் ஆபீஸ்.
லிஃப்ட் ஓடாது. ஜூலை மாதம்.
பழைய ஃபேன் டிக்கெட் தாள்களுக்கு மட்டும் வீசும்.

காக்கிச் சட்டையோடு படியேறி வந்தார்
ஏற்காடு பஸ் டிரைவர் குழந்தைவேலு.
எங்கே போகணும் என்றேன்.
எனக்கில்லம்மா,
டொராண்டோவுக்கும் பெர்த்துக்கும்
எவ்ளோ தூரம், எத்தன மணி நேரம்?

யார் போறாங்க?
யாரும் போகல.
பெரியவ அங்க. சின்னவன் இங்க.
'இங்க' என்று அவர் விரல் வைத்தது
மேசைக் கண்ணாடிக்கடியில் ஆஸ்திரேலியாவின் இடது தோளில்.
கன்னங்குறிச்சியில் நாலு சென்ட் மனை.
ரெண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.

தட்டினேன்.
பதினெட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
நேர் விமானம் கிடையாது.
நடுவில் ஓர் ஊரில் காத்துக்கிடப்பதையும் சேர்த்து
முப்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகம் விழுந்துவிட்டது.
ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னேன்:
பூமியில் எந்த ரெண்டு ஊரும்
இருபதாயிரத்துக்கு மேல் விலக முடியாதுங்க.
அதுக்கப்புறம்
எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கிட்டத்தான் வரணும்.

அவர் சிரிக்கவில்லை.
டிரிப் ஷீட்டின் பின்புறத்தில்
இருபதாயிரம் என்று எண்ணால் எழுதிக்கொண்டார்.

நம்ம ஊர் வழியா வந்தா?

இதை யாரும் கேட்டதில்லை.
கமலாபுரம் ஓடுபாதையில் அவ்வளவு பெரிய விமானம் இறங்காது.
ஆனாலும் துண்டு துண்டாய்க் கூட்டிப் பார்த்தேன்.
டொராண்டோ – சேலம், சேலம் – பெர்த்.
ஆயிரத்து அறுநூறுதான் கூடுதல்.
இரண்டாம் முறையும் கூட்டினேன். அதே.

அவர் உதடு அசைந்தது.
ஒரு நடை முப்பது கிலோமீட்டர்,
நாளைக்கு ஆறு நடை.
ஒம்போது நாள், என்றார்.
என் வண்டிக்கு ஒம்போது நாள் ஓட்டம், அவ்ளோதான்.

அப்புறம் அவராகவே பேசினார்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரே சட்டம்தாம்மா:
ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி ஒதுங்கணும்.
இதுங்க ரெண்டும்
நான்தான் ஏறுற வண்டிங்குது.

சுவரில் ஐந்தரை.
அங்கே காலை எட்டு, அங்கே இரவு எட்டு.
இரண்டு வீட்டுக் கடிகாரத்திலும்
இந்த நிமிஷம் முள் ஒரே இடத்தில் நிற்கிறது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவருக்கு ஆறு மணி டிரிப். இறங்கிவிட்டார்.

காசு வேண்டாம் என்றதற்கு
ரெண்டு பேரிக்காய் வைத்துப் போயிருந்தார்,
மலைக்காய், ஒன்றில் அடிபட்ட தழும்பு.
தழும்பு இருந்ததைக் கடித்தேன். இனிப்புதான்.

கடையைப் பூட்டுமுன் சும்மா
அதே இரண்டு ஊர்களைப் போட்டு
பயணிகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் அடித்தேன்.
ஏற்கவில்லை.
குறைந்தது ஒருவர் வேண்டும் என்றது திரை,
சிவப்பு எழுத்தில்.