மேல்கோடு

காலை ஐந்தே முக்காலுக்கு
வில்லாபுரம் பஞ்சர் கடை ஓரம் வண்டி நிற்கும்,
பால்ச்சாமி நிற்க மாட்டான்.
மீரான் கடை டியூப் கொக்கியில் சாவி.
பானெட்டைத் தொட்டால் இரவு இன்னும் சுடும்.
ஏர்போர்ட் இரண்டு நடை, கொட்டாம்பட்டி ஒரு நடை.
டைரியில் கிலோமீட்டர் மட்டும் எழுதியிருப்பான்.

பதினாலு மாதம் நாங்கள் பேசி.
டர்போ போனது யார் ஷிப்டில்?
இருபத்தெட்டாயிரத்தில் பாதி அவனுடையது என்கிறேன் நான்.
ஓடி வந்த எஞ்சினை
ஒரு நிமிடம் சும்மா உறுமவிடாமல்
பொசுக்கென்று அணைப்பவன் நான்தான் என்கிறான் அவன்,
என்னிடமில்லை, அவன் பெண்டாட்டியிடம்,
அதாவது என் அக்காளிடம்.
அக்காள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.
கொடுத்துவிடும் குழம்பில் உப்பு கூடியிருக்கும்.

டீ ஆறும்வரை ஆயில் கீழே இறங்கட்டும்.
பிறகு குச்சியை உருவி, கிழிந்த பனியனில் துடைத்து,
செருகி, மறுபடி உருவி, வெளிச்சத்தில் பிடித்து...
கறுப்பு.
மாற்றி ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, கறுப்பு.
டீசல் வண்டியில் அதைக் குற்றம் சொல்லக் கூடாது,
கரியைத் தன்மேல் வாங்கத்தானே ஊற்றுகிறோம்.
இரண்டு புள்ளிக்கு நடுவில் நின்றால் போதும்.
நின்றது.
பிடியில் பச்சையாக ஒரு கைநாட்டு,
கூலன்ட் தொட்ட விரல்.
எனக்கு முன்னால் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

சித்திரையில், எதிர்சேவைக் கூட்டத்தில்
தல்லாகுளத்தில் மூன்று மணி நேரம் நின்று கொதித்தபோது
குழாய்த் தண்ணீரை ஊற்றியவன்தான்.
அத்தனையும் வடித்து, பச்சை ஊற்றி,
காலி கேனைப் பின் சீட்டில் வைத்துவிட்டு வந்தேன்,
பார்க்கட்டும் என்று.
நாலு நாள் கழித்து அதே சீட்டில்
பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு லிட்டர்.
நான் மறந்திருந்தேன். அவனும்
பார்க்கட்டும் என்றுதான் வைத்திருப்பான்.

ஒருமுறை மஞ்சள் விளக்கு மினுங்கியது.
ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி
பேப்பர் டம்ளரில் பிடித்தேன்.
மேலே டீசல், கீழே தண்ணீர், இடையில் ஒரு கோடு,
சொத்துப் பிரித்த மாதிரி.
கை பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றெடுத்து
கிளப்புவதற்குள் ஸ்கூல் சவாரி போய்விட்டது.

ஐப்பசியில் பிரேக் ஆயில் கீழ்கோட்டில் கிடந்தது.
அதை யாரும் குடிப்பதில்லை, தெரியும்.
பேடு தேயத் தேய அது உள்ளே இறங்கும்.
ஊற்றாதே, சக்கரத்தைக் கழற்றிப் பார் என்பார்கள்.
கழற்றிப் பார்த்தால் வாங்க வேண்டும்.
அந்த வாரம் காசில்லை.
ராத்திரி சிறுமலை சவாரி என்று காதில் விழுந்தது,
அத்தனை வளைவு, அத்தனை இறக்கம்.
சின்ன பாட்டில் ஒன்று வாங்கி
மேல்கோடு வரை ஊற்றி மூடினேன்.

அன்றைக்கே, சவாரிக்கு முன்னால்,
அவன் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறான்.
எங்கே கடன் வாங்கினானோ, நாலும் புதுப் பேடு.
பிஸ்டனை உள்ளே தள்ளத் தள்ள
நான் ஊற்றியது ஏறி வந்து, மூடியைத் தாண்டி வழிந்து
உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டைத் தின்றுவிட்டது.
காலையில் பார்த்தேன்.
வெள்ளை பொரிந்து, தகரம் தெரிந்து,
வாளி வாளியாக அலசிய ஈரம் இன்னும் காயாமல்.

மீரான் ட்யூபை வாளியில் முக்கியபடியே சிரித்தார்.
"ரெண்டு பேரும் நல்லதுதான்யா பண்ணீங்க.
வாயத் தொறந்து பண்ணிருக்கலாம்."

ரிங் ரோட்டில் ஒரு லாரிக்கு மிதித்தேன்,
கால் வைத்த இடத்தில் நின்றது.

சாயங்காலம் டைரியில் கிலோமீட்டருக்குக் கீழே
பேனாவை உதறி உதறி எழுதினேன்:
பேடு நல்லாப் பிடிக்குது.

மறுநாள் அவன் கோணல் எழுத்தில்:
வைப்பர் டப்பால ஷாம்பு ஊத்துனது யாரு?
கண்ணாடி பூரா நொரை.

நான்தான்.
ஒரு ரூபாய்ப் பாக்கெட், ரெண்டு.