இரண்டணாக் கோட்டு

கண்ணாடித் தகடுகள் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
வைக்கோல் திணித்த பெட்டிகளில்
முதுநகர் ஞானாதிக்கம் ஸ்டூடியோவிலிருந்து
மஞ்சக்குப்பத்துக்கு வந்து சேர்ந்தன.
ஏசி அவற்றுக்காகப் போட்டது. நான் சால்வை போர்த்திக்கொள்கிறேன்.
தகட்டுக்கு ஏழு ரூபாய்.
உடைந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

விளக்குப் பலகையில் வைத்ததும்
ஊர் நிறம் மாறி எழுந்து நிற்கிறது.
பல் கறுப்பு. கருவிழி வெள்ளை.
உப்பனாறு மையாக ஓட
தோணிகள் சுண்ணாம்பாய் நிற்கின்றன.
மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்து
துறைமுகக் கூலிகள் பதினோரு பேர்
யாரோ சொன்னதற்குச் சிரிக்கிறார்கள்.
சொன்னவன் படத்தில் இல்லை.

மூன்றாம் நாள்தான் கோட்டைக் கவனித்தேன்.

கல்யாணமான எட்டாம் நாள் தெய்வசிகாமணி அதைப் போட்டிருக்கிறார்.
தைக்கால் தெரு அப்துல் கபூர் மரைக்காயர்,
பினாங்குக்குக் கப்பலேறும் முன்.
முனிசிபல் பில் கலெக்டர் ஆரோக்கியராஜ்.
சோனாங்குப்பத்து அஞ்சாப்புலிக்குக்
கழுத்துக்குக் கீழே பொத்தான் எட்டவேயில்லை,
வலை இழுத்த மார்பு.
ஒருவருக்குக் கை விரல்நுனிவரை தொங்குகிறது,
இன்னொருவருக்கு மணிக்கட்டு நாலு விரல்கடை வெளியே.
எல்லாரையும் முழங்காலோடு வெட்டியிருக்கிறார் ஞானாதிக்கம்.
செருப்பு வாடகைக்கு இல்லை போலும்.

கரையான் மிச்சம் வைத்த பேரேட்டில்
ஊதாப் பென்சிலில் இருக்கிறது:
கோட்டு, இரண்டணா.
பிந்திய பக்கங்களில்
கோட்டு, பன்னிரண்டு நயா பைசா.

நான் நிரப்ப வேண்டிய கட்டங்கள் நான்கு:
பெயர், ஊர், ஆண்டு, சமூகம்.
உறைகளில் பெயர் உண்டு, தேதி இல்லை.
நாலாவது கட்டத்தில் ஒருநாள்
அலுப்பில் 'கோட்டு' என்று தட்டினேன்.
மறுநாள் காலை அது அழிக்கப்பட்டிருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேதிக்கு வழி பொத்தானில் கிடைத்தது.
கறுப்புக் கோட்டு தகட்டில் வெள்ளை,
அதன் கறுப்புப் பொத்தான்களும் வெள்ளைதான், கண்ணுக்குப் படாது.
ஆனால் பாதிப் படங்களில்
நெஞ்சுக்குக் கீழே ஒரு கரும்புள்ளி:
தொலைந்த இரண்டாம் பொத்தானுக்கு
யாரோ சிப்பிப் பொத்தான் தைத்திருக்கிறார்கள்.
புள்ளிக்கு முன், புள்ளிக்குப் பின் என்று
கடலூர் முதுநகரை
இரண்டு மேசைகளில் பிரித்து அடுக்கினேன்.

ஒரு தகடு எந்த மேசைக்கும் போகவில்லை.

அதில் ஒரு பெண்.
புடவைமேல் கோட்டு. தலை வாரவில்லை.
திரைச்சீலையில் தீட்டிய ஏரியும் அன்னமும்
பாதி சுருட்டிக் கிடக்கிறது, கடை திறக்கும் நேரமோ அடைக்கும் நேரமோ.
சிரிப்பில் முகம் கொஞ்சம் அசைந்துவிட்டது.
பொத்தானிலிருந்து நூல் தொங்குகிறது,
நூலின் முனையில் ஊசி.

உறையில் பெயர் இல்லை.
'வசூல் இல்லை' என்று மட்டும்.

மனைவியா, தையல்காரியா,
கடை பெருக்க வந்தவளா,
அடுத்த வீட்டில் ஊசி இரவல் கேட்டபோது
தானே எழுந்து வந்தவளா.
விதிப்படி 'அடையாளம் தெரியாத பெண்' என்று போட வேண்டும்.
பூதக்கண்ணாடியைத் தோளில் வைத்தேன்,
மணிக்கட்டில் வைத்தேன்.
முந்நூற்றுச் சொச்சம் ஆண்கள் போட்ட அந்தக் கோட்டு
இவளுக்குத்தான் அளவாக இருக்கிறது.

அவளுக்கு அடுத்து யாரை வைப்பது?
சாயங்காலம்வரை இரண்டாம் மேசையைத் துழாவினேன்.
கிடைத்தான் ஒருவன்,
திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடை குமாஸ்தா,
பெண் வீட்டாருக்கு அனுப்புவதற்கென்று
மூச்சடக்கி நிற்கிறான்.
நெஞ்சுக்குக் கீழே புள்ளி.
புள்ளியிலிருந்து ஒரு மயிரிழை.

நூலை அவள் இன்னும் கடித்திருக்கவில்லை.