இரண்டு சதவீதப் பால்

ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தத் தாள் சுற்றுக்கு வரும்.
வின்னிபெக் ஏரிக்கரை, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளம்,
ஒட்டுப்போர்வைச் சங்கத்தில் முப்பத்தோரு பேர்.
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
தாள் என்னை நெருங்கும்போதெல்லாம்
என் கத்தரிக்கோல் தொலைந்துவிடும்.
குனிந்து பையைத் துழாவுவேன்.
நிமிரும்போது தாள் வெர்னாவைத் தாண்டியிருக்கும்.
இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்,
எங்கே ஒடித்துத் திருப்புவதென்று எனக்குத் தெரியாதா?

பந்திக்கு முந்துகிற கூட்டம் நாங்கள்.
ஓல்கா கொண்டுவரும் கசகசா உருளைக்கு
கோடு கிழித்தாற்போல வரிசையில் நிற்போம்.
தாள் வந்தால் மட்டும்
எல்லோருக்கும் மூட்டுவலி.

போன வருடத் தாளில் பதினான்கு வேலை.
ஒன்பதில் தோரா ஸ்டெஃபான்சன்:
நான்கு நீல மையில்,
ஐந்து பென்சிலில்.
யாராவது வந்து அழிக்கச் சொல்வார்கள் என்றுதான்
பென்சிலில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த வருடம் தாள் இல்லை.
வலது கை கழுத்துக் கட்டில் தொங்க
இடது கையில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள்.
தோள்பட்டை அறுவைக்கு முந்தைய இரவு
தூக்கம் வரவில்லையாம்.
"வேலையை நறுக்கிவிட்டேன்" என்றாள்.

ஐந்து அங்குலச் சதுரங்கள், மிச்சத் துணி.
ஒவ்வொன்றிலும் ஊசி குத்தி ஒரு சீட்டு.

வியாழன் ஆறரைக்குக் கதவைத் திற. சாவி இடப்பக்கம் சுற்றும்.
ஃபிலிஸ் இருட்டில் வண்டி ஓட்டமாட்டாள். கூட்டிவா. நாயைப் பற்றிக் கேள்.
கண்காட்சிக் கம்பம் பதினாறு. வளைந்ததை மூலையில் நிறுத்து.
மருத்துவமனைப் போர்வைகளை எண்ணு. மறுபடி எண்ணு.
புதிதாக வந்தவள் தனியே இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்.

நூற்றுப் பன்னிரண்டு சதுரம்.
'தலைவி' என்று ஒன்றுகூட இல்லை.

கொஞ்ச நேரம் மின்விளக்கின் இரைச்சல் மட்டும்.
பிறகு ரோஸ்லின் கத்தினாள்:
"இது நான் ஆறு வருடமாய்த் தேடுகிற பச்சை!"
அவ்வளவுதான், டப்பா கவிழ்ந்தது.
துணியைப் பார்த்து எடுத்தோம்; வேலையை யார் படித்தார்கள்?
காது கேட்காத ரோஸ்லினுக்கு
எல்லோரையும் தொலைபேசியில் அழைக்கும் வேலை.

எனக்குச் சிவப்புக் கட்டம்:
எல்லோரும் போனபின் வெப்பத்தைப் பன்னிரண்டுக்குக் குறை.
கழிப்பறைக் குழாய் நூலளவு ஒழுகட்டும்.
இல்லையேல் உறைந்து வெடிக்கும்.

அடுத்த வியாழன் நான் மட்டும்.
நாற்காலிகள் மேசைமேல் கால்தூக்கி நின்றன.
குழாயைத் திறந்தேன், அதிகம்;
மூடினேன், நின்றுவிட்டது.
நூலளவு என்பது எளிதில்லை.
உலையறைச் சுவரில், விசைக்குப் பக்கத்தில்,
பென்சிலில் தேதிகள்.
பதினோரு குளிர்காலத்து வியாழன்கள்,
ஒன்றின்கீழ் ஒன்றாய், தோராவின் சாய்ந்த ஏழுகளோடு.

அதில் ஒரு தேதி எனக்குத் தெரியும்.
அன்று மதியம்தான் கீத்தை அடக்கம் செய்தோம்.
நான் உருளைக்கிழங்கு அப்பம் கொண்டுபோய்
அவள் வீட்டு மேசையில் வைத்துவிட்டு
"எது வேண்டுமானாலும் சொல்" என்றேன்.
அவள் தலையசைத்தாள்.
அந்த இரவும் இங்கே வந்திருக்கிறாள்.

பையைத் துழாவினேன்.
கத்தரிக்கோல் மேலேயே இருந்தது.
பென்சில்தான் அடியில்.

டப்பாவில் இன்னும் ஏழு கிடக்கின்றன.
ஒன்று பழுப்பு பாலியஸ்டர்;
தையல்காரி எவளும் தொடமாட்டாள்.
பால் வாங்கு, இரண்டு சதவீதம்.
மூன்று வாரமாய் எல்லோருக்கும் கடுங்காப்பி.
தோரா முகம் சுளித்துக் குடிக்கிறாள்,
ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இன்று மளிகைக் கடையில்
குளிர்பெட்டியின் முன் வெகுநேரம் நின்றேன்.
ஒரு லிட்டரா, இரண்டா?
சீட்டின் பின்பக்கம் எழுதியிருப்பாள்.